பரபக்கமும் சுபக்கமும்: ஊவா மலைநாட்டின் அரசியல் உரையாடல்

கருத்து வேற்றுமையைப் பகையெனக் கொள்ளாத மரபு தமிழர்க்குப் பழமையானது. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவினை நகரத்தார்க்கு அறிவிக்கும் முரசறைவோன், வாதம் புரிய வல்லோரைப் பட்டிமண்டபத்து ஏறுமாறு அழைக்கின்றான். தம்மொடு பொருந்தாதாரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது அகலுமாறும் கூறுகின்றான். வாதத்திற்கு அழைப்பும் பூசலுக்குத் தடையும் ஒரே அறிவிப்பில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களை வகுக்கும்போது, பிறர் கருத்துக்கு உடன்படுதலை முதலிலும் அதனை மறுத்தலை அடுத்தும் வைத்தார். பிறர் கொள்கையை முதற்கண் ஏற்று நின்று, பின்னர் அதனைக் களைதல் மூன்றாவதாகும். மறுப்பு என்பது அறிவுடையார் ஒழுக்கத்துக்குப் புறம்பானதன்று, அதன் ஓர் உறுப்பே என்பது இதனாற் பெறப்படும்.

சைவ உலகம் இம்முறையைப் பெருநூல் ஒன்றன் அமைப்பாகவே கொண்டது. அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு கூறுடையது. பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பிற மதத்தார் கொள்கைகள் ஒவ்வொன்றும் முதலில் கூறப்பட்டுப் பின்னரே மறுக்கப்படுகின்றன. தம் கொள்கையை நிறுவுதற்கு முன் பிறர் கொள்கையை அவரே கூறுமாறு கூறுதல் ஆசிரியர்தம் கடன் எனக் கொள்ளப்பட்டது. எதிரியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும் வடிவில் எடுத்துரைக்க இயலாதவனுக்கு அதனை மறுக்கும் தகுதியும் இல்லை என்பது இதன் உட்கிடை.

சமய வாதத்துக்கு வகுத்த இம்முறை அரசியல் உரையாடலுக்கும் பொருந்துமா? பட்டிமண்டபத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திராத இடத்தில், மண்டபத்தினுள் வழங்கும் இன்சொல்லின் மதிப்பு யாது? இவ்வினாக்களை ஆராய்தற்குப் பதுளையும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களும் ஏற்ற களமாகும். தமிழும் சிங்களமும், தோட்டமும் கிராமமும், முதலாளியும் தொழிலாளியும், சங்கமும் சங்கமும் அங்கே நெருங்கி வாழ்ந்திருக்கின்றன. அந்நெருக்கம் உரையாடலாக மலர்ந்ததும் உண்டு, தீயாக மூண்டதும் உண்டு.

மரியாதை என்னும் சொல்லின் வடமொழி மூலம் எல்லை அல்லது வரம்பு என்னும் பொருளது. இருவர்க்குமிடையே ஒருவரும் மீறாத வரம்பு நிற்பதே மரியாதையின் முதற்பொருள். பழைய தோட்டத்து வாழ்க்கையிலோ அவ்வரம்பு ஒருவனுக்கே உரியதாயிற்று. துரையின் முன் தொழிலாளி தலைத்துண்டை எடுத்து, குடையை மடக்கி, ஒதுங்கி நிற்றல் மரியாதை எனப்பட்டது. பெரிய கங்காணியின் கணக்கைக் கேள்வி கேளாதிருத்தலும் மரியாதை எனப்பட்டது. காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்பவனுக்குக் கேட்கும் உரிமையே இருந்தது, சொல்லும் உரிமை இல்லை. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச்சீட்டு, அவன் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்லும்போதும் அவனைத் தொடர்ந்தது. அத்துண்டுமுறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கடனாளியாய்ப் பிறந்து கடனாளியாய் மடிபவன் தன் கடன்காரனோடு எவ்வாறு கருத்து வேறுபடுவான்? அவனது மௌனத்தைப் பண்பு எனப் போற்றியவர்கள், அச்சத்துக்குப் பண்பு என்று பெயரிட்டவராவர். ஆகவே நாகரிகமான உரையாடலுக்கு முதல் நிபந்தனை இன்சொல் அன்று. மாறுபடுவோன் தன் மாறுபாட்டாற் சோறும் கூரையும் இழவாதிருத்தலே ஆகும்.

அந்நிலையை முதலில் ஓரளவு தந்தவை தொழிற்சங்கங்கள். தோட்டம் தனியார் நிலமாதலின், வெளியார் உட்புகுதல் அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரைச் சந்தித்தார் என்பர். 1931 இல் அவர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் தோட்டத் தொழிலாளர்க்கு நிரந்தர வாசம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1939 இல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்ததன் பயனாக இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 சனவரியில் மூல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானமை மலைநாடெங்கும் கொதிப்பை உண்டாக்கிற்று.

அவ்வாண்டு வேலைநிறுத்த அலை ஊவாவிற் பரவியபோது, பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த சங்கத்தின் செல்வாக்கினால், அங்குத் தொழிலாளர் தம்முள் தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர். தோட்டத்துரையும் அச்சபையைக் கலந்து நடப்பதற்கு இசைந்தார். அவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. பொலிசாரோடு மோதலும் நேர்ந்தது. எனினும் துரை சொல்லத் தொழிலாளி கேட்பதே மரபாயிருந்த இடத்தில், இருவரும் சொல்லி இருவரும் கேட்கும் நிலை சில காலமேனும் உண்டாயிற்று. பண்பு குறைந்தவர் எனப்பட்டோர் பேசும் இடம் கிடைத்தவுடன் தம்முள் தேர்தல் நடத்திச் சபை அமைத்தமை, பண்பு யாரிடம் குறைந்திருந்தது என்னும் வினாவை எழுப்புகின்றது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் இதனினும் விரிந்த வாய்ப்பைத் தந்தது. பதுளை அன்று இரட்டை அங்கத்தவர் தொகுதி. சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த ஜாக் கொத்தலாவலையும் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவும் அத்தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றனர். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர், கட்சியும் வேறு. ஒரே நிலப்பகுதியின் இருவேறு குரல்களுக்கும் ஒரே சபையில் இடம் கிடைத்தது. நாடு முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட 95 உறுப்பினருள் காங்கிரசைச் சேர்ந்தோர் எழுவர். பட்டிமண்டபத்தின் வாயில் திறந்துவிட்டது என எண்ணுதற்கு இடமிருந்தது.

அவ்வாயில் ஓராண்டுக்குள் சாத்தப்பட்டது. அதன் காரணத்தைப் பரபக்க முறையில் ஆராய்தல் வேண்டும்; அஃதாவது, எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் முதலிற் கூறுதல் வேண்டும்.

ஊவாவின் சிங்களக் கிராமத்தான் கூறத்தக்கது இது. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லச மக்கள் ஆங்கிலேயர்க்கு எதிராகக் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளையும் விளைவையும் அழித்தன. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரித்துப் பத்திரம் காட்டப்படாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன எனக் கொண்டது. கிராமத்தான் சேனை செய்த மேட்டுநிலமும் மாடு மேய்த்த புல்வெளியும் இவ்வாறு கோப்பித் தோட்டமாயின, கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டமாயின. பள்ளத்தே வயலோடு ஒடுங்கிய கிராமத்தானுக்கு மேலே வளர்ந்த தோட்டத்தில் உரிமையும் இல்லை, பயனும் சிறிது. மத்திய மாகாணத்திலும் ஊவா மாகாணத்திலும் கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் 1951 ஆம் ஆண்டு அறிக்கை அவர்களது வறுமைக்குச் சான்று பகரும். நிலத்தை இழந்தவன், வாக்கையும் எண்ணிக்கையினால் இழந்துவிடுவோமோ என அஞ்சினான். காங்கிரஸ் பெற்ற ஏழு ஆசனங்கள் அவ்வச்சத்துக்கு உரமாயின. இவ்வாதத்திற் பொய் இல்லை. இதனை வெறும் இனப்பகை என ஒதுக்குவோர் இவ்வரலாற்றை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

இனித் தோட்டத் தொழிலாளியின் தரப்பு. 1840 ஆம் ஆண்டின் சட்டத்தை அவன் இயற்றவில்லை. நிலத்தை அவன் வாங்கவில்லை. இன்றளவும் அவன் குடியிருக்கும் லயம் அவனுக்குச் சொந்தமாயிற்று எனப் பொதுவாகக் கூறவும் இயலாது. ஆள்கட்டப்பட்டு வந்தவன் காடு வெட்டினான், தெரு அமைத்தான், கோப்பியும் தேயிலையும் நட்டான். அவனது உழைப்பால் வந்த ஏற்றுமதிப் பொருளினாலேயே இந்நாட்டின் பொருளாதாரம் நிமிர்ந்தது. 1948 இல் அவர்களுட் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். வேறொரு நாட்டைத் தம் ஊராக அறியாதவர்கள். கிராமத்தானின் நிலத்தைப் பறித்த அதே முறையே தொழிலாளியின் உழைப்பையும் குறைந்த விலைக்குக் கொண்டது. இவ்வாதத்திலும் பொய் இல்லை.

இரண்டு குறைகளும் மெய். அவற்றின் மூலமும் ஒன்றே. இரு தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருப்பின் இவ்வுண்மை புலப்பட்டிருத்தல் கூடும். நிகழ்ந்தது வேறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமையையோ நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயத்து வாழ்க்கையில் இது பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் சட்டம் பதிவுக்கு ஒரு சிறுவழி திறந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரித்தாக்கிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

அச்சட்டங்கள் விவாதிக்கப்பட்டபோது பாராளுமன்றத்தில் வழங்கிய மொழி பெரும்பாலும் ஆங்கிலம். முறையான விளிச்சொற்களுக்கும் குறைவில்லை. ஆயினும் அவ்விவாதத்தின் முடிவு, விவாதிப்போருள் ஒரு பகுதியாரைச் சபையினின்றே நீக்குவதாயிருந்தது. தொழிலாளிக்கோ அது தான் அறியாத மொழியில் தன்னைப்பற்றி நடந்த வழக்கு. எதிரியை ஏசுதலினும் அவனை எதிரியாக நிற்கவொட்டாது செய்தல் கொடிது. ஏசப்பட்டவன் மறுமொழி கூறலாம். நீக்கப்பட்டவன் என்ன கூறுவான்?

அவன் கூறிய மறுமொழி சத்தியாக்கிரகம். 1952 ஏப்ரல் இறுதியில் கொழும்பிற் பிரதமர் அலுவலகத்தின் முன் காங்கிரஸ் தொடங்கிய அறப்போர் ஏறத்தாழ 140 நாள் நீடித்தது. கோரியதை அது பெறவில்லை. ஆயினும் வாயில் அடைக்கப்பட்டவர்கள் வாயிலை உடையாது அதன் முன்னே அமர்ந்தார்கள் என்பது இந்நாட்டின் அரசியல் வரலாற்றில் மறக்கப்படலாகாது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதற்கு வைத்தது. அம்மக்களின் தலைவர்களைக் கலந்து அது செய்யப்படவில்லை என்பது சௌமியமூர்த்தி தொண்டமானின் குறைபாடாயிருந்தது. இரு நாட்டாரும் நட்போடும் நயத்தோடும் பேசினர். பேச்சின் பொருளாயிருந்தோர் அப்பேச்சிற் பங்கு பெறவில்லை. பதுளைப் புகையிரத நிலையத்தினின்று அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராய்ப் பிரிந்த குடும்பங்களின் துயருக்கு இதுவே தோற்றுவாய். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் நிலையைத் தீர்க்கும்வரை நாலு தசாப்தங்களுக்கு மேற் கழிந்தன.

பிறர் இழைத்த தவறுகளை எண்ணுதல் எளிது. தம்மவரிடை மாறுபடுவோரை எவ்வாறு நடத்துவது என்பதே கடினமான தேர்வு. பிரசாவுரிமை வினாவில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்றது, சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர், ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சராகத் தொடர்ந்தார். அரசினுள்ளிருந்து பெறுவதா, வெளியே நின்று போராடுவதா என்பது நேர்மையானோர் வேறுபடத்தக்க வினா. ஆனால் அவ்வேறுபாடு நாளடைவில் வாதமாக நில்லாது வசையாக மாறிற்று. துரோகி என்னும் சொல் மேடைகளில் மலிந்தது. மேடையில் எளிதாய் வழங்கிய அச்சொல் பின்னொரு காலத்தில் கொலைக்கு நியாயமாக்கப்பட்டது. 1989 இல் அ. அமிர்தலிங்கமும் 1999 இல் நீலன் திருச்செல்வமும் தமிழர் கையாலேயே மாண்டமை அதன் விளைவுகளுட் சில. ஒரு சொல் உயிரைக் கொள்ளும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தோட்டங்களிலும் இதன் சாயல் உண்டு. அப்துல் அஸீசும் தொண்டமானும் பிரிந்தபின் 1956 இல் சனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் எழுந்தது. 1965 இல் வெ. க. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தோற்றுவித்தார். லயத்தின் ஒரு சுவருக்கு இப்பால் ஒரு சங்கம், அப்பால் மற்றொரு சங்கம் என்னும் நிலை வந்தது. வேலைநிறுத்தத்தை முறிப்பவனுக்கு உரிய கருங்காலி என்னும் பெயர், வேறு சங்கத்துக்குச் சந்தா கொடுப்பவனுக்கும் வழங்கலாயிற்று. எனினும் மரண வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் சங்கம் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. காலையிற் பிரட்டுக்களத்தில் வாதிட்டவர்கள் மாலையில் ஒரே பாடையைச் சுமந்தனர். எளிய மக்கள் காத்த இவ்வொழுக்கத்தைக் கற்றோர் மேடைகளில் எப்போதும் காணல் அரிது.

கூலி பற்றிய வழக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டு நீடித்தது. 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயாயிற்று. 2021 இல் சம்பளச் சபை 1,000 ரூபாயை விதித்தது. உலகச் சந்தை விலையும், முதுமையடைந்த தேயிலைச் செடிகளின் குறைந்த விளைவும், உற்பத்திச் செலவிற் கூலியின் பெரும்பங்கும் கம்பனிகளின் வாதம். அரிசி, மாவு விலையும் பிள்ளைகளின் கல்விச் செலவும் தொழிலாளியின் வாதம். இரண்டையும் எடைபோடுதற்கு உண்மைக் கணக்கு வேண்டும். தேர்தல் மேடையில் தொகை ஒன்றைக் கூவிவிட்டு, அதனைப் பெறும் வழியைக் கூறாத தலைவன் தன் மக்களோடு நேர்மையாக உரையாடியவன் ஆகான். கணக்கை முழுதும் காட்டாத கம்பனியும் அத்தகையதே. 2021 இற் கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது ஒழிந்தபின், நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்னும் பிணக்கு எஞ்சி நின்றது. பேசும் மேசை போனபின் தொகை மட்டும் கிடைத்தல் முழு வெற்றியாகாது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அம்மேசையில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆண்கள். இக்குறையைச் சுட்டுதலும் நேர்மையான மாறுபாடே.

கசப்பான சொல்லைப் பொறுத்துக் கேட்டல் ஆள்வோர்க்கு வேண்டிய பண்பு என்பது திருவள்ளுவர் கருத்து. அல்துமுல்லையைச் சார்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 இல் மண்சரிவு லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமுடையது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கூறப்பட்டிருந்தது. எச்சரிக்கை கூறப்பட்டும் அது செயலாகாத இடத்தில் உரையாடல் வெறும் சடங்காகின்றது.

சொல் முற்றிலும் தோற்ற நாட்களையும் ஊவா கண்டது. 1983 ஜூலையிற் பதுளை நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2000 அக்டோபர் 25 இல் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கும்பலாற் கொல்லப்பட்டனர். ஒரு சமூகம் மற்றொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு, அதனோடு பேசாதிருக்கும்போது வதந்தி வேதவாக்காகின்றது. நாகரிகமான உரையாடல் ஓய்வுடையார் பொழுதுபோக்கு அன்று, உயிர்க்காப்பு என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் கரி.

இவற்றினின்று பெறப்படுவன சில. மாறுபடுவோனுக்குச் சபையில் இடமும், மாறுபட்டபின் வாழ்வும் உறுதியாதல் வேண்டும். இஃதின்றி இன்சொல் பொய்ச்சொல்லாகும். அவனது வாதத்தை அவன் ஒப்பும் வடிவிற் கூறியபின்னரே மறுத்தல் வேண்டும். கொள்கையை மறுக்கலாம், கொள்கையுடையானின் பிறப்பையும் நோக்கத்தையும் பழித்தல் கூடாது. தம் தரப்பின் குறையை எதிரி கூறுமுன் தாமே கூறும் துணிவு வேண்டும். இவற்றுள் இறுதியதே அரிது. கேட்போரின் நம்பிக்கையைப் பெறுவதும் அதுவே.

கல்லூரிகளின் விவாத மன்றங்களில் மாணவர் தாம் நம்பாத தரப்பையும் எடுத்துப் பேசுமாறு பணிக்கப்படுவதுண்டு. அதனைச் சிலர் நாவன்மைப் பயிற்சி எனவே கருதுவர். தோட்டத்துப் பிள்ளை கிராமத்தானின் இழந்த சேனைக்காகவும், கிராமத்துப் பிள்ளை லயத்தானின் இழந்த வாக்குக்காகவும் ஒருமுறையேனும் வாதாடிப் பழகுவாராயின், 1948 இற் சாத்திய வாயிலைப் போன்ற பிறிதொன்றை இந்நாட்டிற் சாத்துதல் அத்துணை எளிதாகாது. சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைத்த ஆசிரியர் வகுத்த முறை அதற்கே பயன்படுவதாகும்.